கெட்டியான ஆயிலில் தொடங்கிய எட்டு மாதக் கணக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருந்த காரில், எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தேன். கடைசியாக அளந்த பிறகு வண்டி 1,000 கி.மீ. ஓடியிருந்தது. மேல்கோட்டைத் தொடுவதற்கு 120 மில்லி ஆயில் போதுமாக இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு இதே தூரத்துக்கு 650 மில்லி ஊற்றினேன். எஞ்சினைப் பிரிக்கவில்லை, பிஸ்டன் வளையம் மாற்றவில்லை. சரியான ஆயிலைத் தேர்ந்ததும், கைக்கு அடக்கமான ஒரு சிறு வால்வை மாற்றியதும்தான் நடந்தன. அந்த இரண்டையும் வந்தடைவதற்குள் செய்த தவறுகளில் பணமும் நாட்களும் போயின. அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி பழையது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ கிடையாது. வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தைக் கொண்டு முன்பின் நகர்த்தும் அமைப்பு உண்டு. கதை தொடங்கும்போது 1,38,000 கி.மீ. ஓடியிருந்தது. சர்வீஸுக்கு விட்டபோது, இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே ஆயில் குறைகிறது என்று சொன்னேன். "எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் கெட்டியான ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 என்ற தர ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. தேய்ந்த இடைவெளியைக் கெட்டியான ஆயில் அடைத்துக்கொள்ளும் என்ற விளக்கம் யாருக்கும் எளிதில் புரியும். கையேட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எவ்வளவு குறைகிறது என்று அளக்கவும் இல்லை. இந்தப் பதிவில் நான் மிகவும் வருந்துவது அந்த அளக்காத இரண்டு மாதங்களைப் பற்றித்தான். அந்தக் கணக்கு கையில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது வாரத்திலேயே மாற்றம் தெரிந்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தலைப்பகுதியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். முன்பு ஒரு வினாடியில் அடங்கியது, இப்போது ஐந்தாறு வினாடி நீண்டது. ஒன்றரை மாதத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கோளாறுக் குறிகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிப் பார்த்தால் பி0011 என்ற குறி. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சொன்ன இடத்தில் நிற்கவில்லை, முன்னே தள்ளி நிற்கிறது என்று அதற்குப் பொருள்.

இங்கேதான் என்னுடைய முதல் பெரிய தவறு. ஆயிலை அந்த அமைப்புக்குத் திருப்பிவிடும் கண்ட்ரோல் வால்வு கெட்டுவிட்டது என்றார்கள், நானும் புதிதாக வாங்கி மாட்டினேன். மூன்று முறை ஆயில் மாற்றும் செலவு அந்த ஒரு வால்வுக்கே ஆனது. கழற்றிய பழைய வால்வை வீட்டுக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் வயிற்றைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை ஒன்று உண்டு. கசடு அடைத்தால் அந்த வலையில்தான் அடைக்க வேண்டும். வலை பளிச்சென்று இருந்தது, கண்ணி கண்ணியாக ஒளி ஊடுருவியது. பாட்டரியிலிருந்து 12 வோல்ட் ஒரு கணம் கொடுத்தபோது உள்ளே இருந்த தண்டு டக் என்று நகர்ந்தது. அதாவது பழைய வால்வு நன்றாகவே வேலை செய்தது. புது வால்வு மாட்டி 400 கி.மீ. ஓடியதும் அதே குறி திரும்பி வந்தது. வால்வு நலமாக இருந்து, அதன் வழியாக ஓடவேண்டிய ஆயில் மெதுவாக ஓடினால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

அன்று இரவு கையேட்டை எடுத்தேன். ஆயிலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வெளி வெப்பநிலை கீழே கோடாகப் போடப்பட்டு, அதன்மேல் எந்தத் தர ஆயில் எதுவரை பொருந்தும் என்று பட்டைகள். முதல் பரிந்துரை 0டபிள்யூ-20. கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30. இரண்டுக்கும் ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு வகுத்த எஸ்.எம். அல்லது அதற்கு மேற்பட்ட தரம். கொள்ளளவு ஃபில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர். 20டபிள்யூ-50 எந்தப் பட்டையிலும் இல்லை.

எண்களின் பொருளை அதுவரை நான் தவறாகவே வைத்திருந்தேன். டபிள்யூ என்பது எடை என்று நினைத்திருந்தேன். அது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், குளிரில் ஆயில் எந்த அளவுக்கு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எஸ்.ஏ.இ. ஜே300 என்ற அளவுகோலின்படி, 5டபிள்யூ ஆயிலின் பாகுத்தன்மை மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் சுழலும் அளவுக்கு உள்ளதா என்று சோதிப்பார்கள். 20டபிள்யூ என்றால் அந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியோடு நின்றுவிடும். பின்னால் வரும் எண், 100 டிகிரி செல்சியஸில் அளக்கும் பாகுத்தன்மை. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். 5டபிள்யூ-30 குளிரில் 5 போலத் தண்ணீராக இருந்து சூட்டில் 30 போலக் கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு ஆயில் உலகில் இல்லை. எந்த ஆயிலும் குளிரில்தான் கெட்டி, சூட்டில்தான் இளக்கம். குளிரில் எவ்வளவு கெட்டியாகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

எண்ணாகப் படித்தது மனதில் நிற்கவில்லை, கண்ணால் பார்க்க விரும்பினேன். 20 செ.மீ. நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வாங்கி, ஒன்றில் புது 5டபிள்யூ-30, மற்றொன்றில் புது 20டபிள்யூ-50 நிரப்பினேன். வெளியே 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். 3 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றைப் போட்டால் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்தேன். அறை வெப்பத்தில் முதலாவதில் குண்டு ஒரு வினாடிக்குள் அடியைத் தொட்டது, இரண்டாவதில் இரண்டு வினாடி ஆனது. பிறகு இரண்டையும் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தேன். காலையில் 5டபிள்யூ-30-இல் குண்டு 11 வினாடியில் இறங்கியது. 20டபிள்யூ-50-இல் குண்டு மேற்பரப்பில் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு பாகில் விழுந்த சீரகம்போலக் மிக மெதுவாக நகர்ந்து, ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் கீழ்க்கோட்டுக்கு வந்தது. கடைசியாகக் குழாய்களைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடேற்றிப் போட்டபோது, இரண்டிலும் குண்டு விழுந்த வேகம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தது.

அந்த மூன்று காட்சிகள் எனக்குப் பெரும் தெளிவைக் கொடுத்தன. சூட்டில் கிட்டத்தட்டச் சேர்ந்து ஓடும் இரண்டு ஆயில்களும் குளிரக் குளிர விலகிப் போகின்றன. ஃப்ரீசர் குளிரை என் வண்டி ஒருநாளும் சந்திக்காமல் இருக்கலாம். ஆனால் அறை வெப்பத்திலேயே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே! ஒவ்வொரு காலையும் எஞ்சின் அந்த வெப்பத்தில்தான் எழுகிறது. கெட்டியான ஆயில் பம்பிலிருந்து மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏறிச் சேரத் தாமதமாகிறது, அந்தத் தாமதம்தான் டிக் டிக் சத்தமாகக் காதில் விழுந்தது. இன்னொன்றும் உண்டு. ஆயில் மிகவும் கெட்டியாக இருந்தால் ஃபில்டருக்குள் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்போது ஆயில் வடிகட்டப்படாமலேயே எஞ்சினுக்குள் போகும்.

இனி நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். வேண்டியிருந்தவை: 17 மி.மீ. ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் கப் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச், 6 லிட்டர் பிடிக்கும் தட்டு, கோடு போட்ட அளவுக் குவளை, புனல், சரிவுப் பலகை இரண்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. கருவிகளுக்கான செலவு இரண்டு சர்வீஸ் கட்டணத்தில் ஈடாகிவிட்டது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சரிவுப் பலகையோ உறுதியான ஸ்டாண்டோ இல்லாமல் நான் அடியில் தலையை நீட்டுவதில்லை.

பத்து நிமிடம் ஓட்டி, பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் ஆயிலை வடிக்கும் திருகைத் திறந்தேன். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும், கையும் வேகாது. 20டபிள்யூ-50 தடித்த கயிறுபோல வழிந்தது. கடைசிச் சொட்டுகள் நிற்கவே இருபது நிமிடம் ஆனது. ஃபில்டரைக் கழற்றியபோது நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். ஃபில்டர் எளிதாக வந்துவிட்டது. புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி மாட்டப் போகும்போது, எஞ்சின் பக்கத்து முகத்தை ஒருமுறை துடைக்கலாம் என்று துணியை வைத்தேன். விரலில் ஏதோ மேடு தட்டியது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்து, எஞ்சினின் நிறத்திலேயே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் புதியதை மாட்டியிருந்தால் வளையத்தின்மேல் வளையம் நின்று, அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் தரையில் கொட்டியிருக்கும். எஞ்சினும் போயிருக்கும். இப்போதெல்லாம் கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே புதியதைக் கையில் எடுக்கிறேன்.

புது ஃபில்டரைக் கையாலேயே திருகி, வளையம் முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ரெஞ்ச் வைத்து இறுக்கவில்லை. வடிதிருகுக்குப் புது அலுமினிய வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன 39 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பழைய வாஷர் ஒருபக்கம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. சல்லிக்காசு பெறும் அந்த வாஷரை மிச்சப்படுத்தப் போய், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், கசிவை நிறுத்த மேலும் மேலும் இறுக்குவதால் வருவது அது.

ஊற்றுவதில் ஒரு பிழை செய்தேன். கையேடு 3.6 லிட்டர் என்றதால் அளந்து 3.6-ஐயும் ஊற்றிவிட்டேன். அந்தக் கணக்கு ஆயில் முழுவதும் வடிந்திருந்தால்தான் சரி. கெட்டியான பழைய ஆயில் மூலை முடுக்குகளில் கொஞ்சம் தங்கிவிட்டதால், டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு 5 மி.மீ. மேலே நின்றது. அளவு மீறினால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. 60 மில்லி சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, டிப்ஸ்டிக் துளை வழியாக மூன்று முறை உறிஞ்சி எடுத்தேன். இப்போது 3.2 லிட்டரில் நிறுத்தி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, மிச்சத்தைச் சிறுகச் சிறுக ஊற்றுகிறேன்.

முதலில் போட்டது 0டபிள்யூ-20. மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். டிக் சத்தம் எழும் முன்பே அடங்கிவிட்டது. பி0011 அழித்த பிறகு இன்றுவரை வரவில்லை. எரிபொருளும் கொஞ்சம் மிச்சம்: லிட்டருக்கு 16.2 கி.மீ. கொடுத்தது 16.9 ஆனது. இரண்டு டேங்க் சராசரிதான். பாதையும் பருவமும் மாறியிருப்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் ஆயில் கணக்கில் எழுத மாட்டேன்.

இவ்வளவு இளக்கமான ஆயில் பழைய எஞ்சினுக்குப் போதுமான அழுத்தம் தருமா என்ற பயம் எனக்கும் இருந்தது. பயத்தைத் தீர்க்க ஒரே வழி அளப்பது. ஆயில் அழுத்த சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் இயந்திர அழுத்தமானியை மாட்டினேன். மாட்டும் முன் துளையின் மரையளவு தெரிந்து, அதற்கேற்ற இணைப்பை வாங்க வேண்டும். ஏறத்தாழப் பொருந்தும் மரையை வலிந்து திருகினால் எஞ்சின் பிளாக் கெடும். விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை எஞ்சினைச் சூடேற்றிப் பார்த்தேன். ஐட்லிங்கில் 1.0 பார், 3,000 சுற்றில் 3.3 பார். பழுதுபார்ப்புக் கையேடு கேட்பது முறையே 0.7, 3.0. பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்ற பேச்சுக்கு அந்த இரண்டு எண்களே பதில்.

ஆனால் ஆயில் குறைவது நிற்கவில்லை.

இந்த முறை அளந்தேன். அளக்கும் முறையிலும் முதலில் தடுமாறினேன். ஒருநாள் எஞ்சினை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தேன், இன்னொரு நாள் சற்றுச் சரிந்த தரையில் பார்த்தேன். முதல் வாரம் 400 மில்லி குறைந்ததாகக் காட்டியது, அடுத்த வாரம் குறையவே இல்லை என்று காட்டியது. பிறகு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். எப்போதும் அதே தரை, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட சக்கர அடையாளம், இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில், எஞ்சினைக் கிளப்பும் முன். மேல்கோட்டைத் தொடும் வரை குவளையிலிருந்து ஊற்ற வேண்டும், குவளையில் குறைந்தது எவ்வளவு என்று எழுத வேண்டும். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு இடையே பல எஞ்சின்களில் சுமார் ஒரு லிட்டர் இருக்கும். அதனால் கண்மதிப்பில் ஒரு மி.மீ. தவறினாலும் கணக்கில் பல மில்லி தவறும். ஊற்றிய அளவை எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அப்படி அளந்ததில்: முதல் 1,000 கி.மீ.க்கு 650 மில்லி, இரண்டாவது 1,000 கி.மீ.க்கு 640. சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவதை ஏற்கத்தக்கது என்கின்றன. என் எஞ்சின் அதையும் தாண்டியிருந்தது.

வண்டிக்கு அடியில் ஓர் இரவு அட்டையை விரித்து வைத்தேன். ஒரு சொட்டும் இல்லை. ஆக, கசிவு இல்லை, எரிந்துதான் போகிறது. அடுத்துக் கையேடு அனுமதித்த இரண்டாவது தரமான 5டபிள்யூ-30-க்கு மாறினேன். ஆயிலின் தடிமனை 150 டிகிரி வெப்பத்தில், பலத்த உராய்வில் அளக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பிஸ்டன் வளையத்திலும் பேரிங்கிலும் ஆயில் படலம் நிற்குமா என்று சொல்வது அதுதான். அதில், மில்லிபாஸ்கல்-வினாடி என்ற அலகில், 20 தரத்துக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5. ஒரு படி ஏறினால் போதும் என்று நினைத்தேன். அடுத்த 1,000 கி.மீ.க்கு 480 மில்லி. குறைந்தது, ஆனால் தீரவில்லை.

இங்கே மீண்டும் தவறான வழியில் இறங்கப் பார்த்தேன். 30 கொஞ்சம் குறைத்தது என்றால் 40 இன்னும் குறைக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. கேனையும் கையில் எடுத்துவிட்டேன். 40 கையேட்டில் இல்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி வைத்தேன். அந்த வழியில்தான் முதலில் 20டபிள்யூ-50-க்குப் போனோம் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆயிலின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று தேடுவது என்று அன்று தீர்மானித்தேன்.

வழி கிடைத்தது ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வு அங்கே இருக்கிறது. அதிலிருந்து போகும் ரப்பர் குழாயைக் கழற்றியதும் உள்ளே ஈரமாக ஆயில் மினுமினுத்தது. இன்டேக்கின் வாயிலிலும் அதே ஈரம். வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினேன். நல்ல வால்வுக்குள் இருக்கும் சிறு உருளை கிலுகிலுப்பை போல ஒலிக்க வேண்டும். இது சத்தமே எழுப்பவில்லை. ஒரு நீளக் குழாயை மாட்டி ஊதினேன். எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்டேக் பக்கமிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் போனது. உள்ளே கோந்துபோலப் படிந்து, திறந்த நிலையிலேயே இறுகியிருந்தது. இன்டேக்கின் வெற்றிடம் எந்நேரமும் ஆயில் ஆவியை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. வால்வில் நேராக வாய் வைத்து ஊதாதீர்கள், உள்ளே படிந்திருப்பது உடலுக்கு ஆகாது.

புது வால்வின் விலை ஒரு லிட்டர் ஆயிலின் விலையைவிடக் குறைவு. மாற்ற எட்டு நிமிடம். அதற்குப் பின் அளந்த முதல் 1,000 கி.மீ.க்கு 190 மில்லி. இன்டேக்கில் தேங்கியிருந்த பழைய ஈரமும் அதில் சேர்த்தி என்று நினைக்கிறேன். அடுத்த 1,000-க்குத்தான் சென்ற ஞாயிறு பார்த்த 120.

இடையில் கேன் வாங்கும்போது கற்றதையும் எழுத வேண்டும். முன்பு நான் கேனின் முகப்பில் பெரிதாக இருக்கும் சொற்களைப் படிப்பவன். இப்போது திருப்பிப் பின்பக்கத்தில் இருக்கும் வட்ட முத்திரையைத் தேடுகிறேன். மேல் வளைவில் ஏ.பி.ஐ. தரம், நடுவில் 5டபிள்யூ-30 போன்ற எண். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. இரண்டாவது எழுத்து ஆங்கில அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம். எஸ்.என். 2010-இல் வந்தது, எஸ்.பி. 2020-இல். பழைய எழுத்தைக் கேட்கும் எஞ்சினுக்குப் புதிய எழுத்தைத் தாராளமாகப் போடலாம், அதனால் எஸ்.எம். கேட்ட என் எஞ்சினுக்கு எஸ்.பி. போட்டேன். எஸ்.பி. தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும், நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சேதத்துக்கும் தனிச் சோதனைகள் உண்டு. டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் எஸ்.பி.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. எதிர்முனையில் எஸ்.ஏ. என்ற எழுத்தோடு மலிவான கேன் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள். 1930-க்குப் பிறகு செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது ஏற்றதில்லை என்று ஏ.பி.ஐ. அமைப்பே சொல்கிறது. "இன்ன தரத்துக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளர் தானாக எழுதிக்கொள்வது வேறு, சோதித்து அனுமதி பெற்றிருப்பது வேறு. கார் நிறுவனம் தனக்கென்று ஒரு குறியெண் கேட்டிருந்தால் அந்தக் குறியெண்ணுக்கு அனுமதி பெற்றதாகக் கேனில் தெளிவாக இருக்க வேண்டும்.

எண் ஒன்றாக இருந்தால் ஆயில் ஒன்றாகிவிடாது என்பதை என் தம்பியின் வண்டி காட்டியது. "அண்ணா, அங்கே 5டபிள்யூ-30 மீந்திருக்கிறது என்றீர்களே, எனக்கும் அதேதான், ஒரு லிட்டர் தாங்களேன்" என்று கேட்டான். நானும் எடுத்து வைத்துவிட்டேன். கொடுக்கும் முன் அவனுடைய கையேட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். அவனுடையது டீசல், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. கையேடு கேட்டது, ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த சி3 தரம். எரிந்த ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் அந்தத் தரத்தில் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரி அந்த வடிகட்டியில் எரிந்து தீர்ந்துவிடும், சாம்பல் எரியாது, சேர்ந்துகொண்டே போய் அடைக்கும். என் கேனில் சி3 என்ற பேச்சே இல்லை. அவனுக்கு வேறு கேன் வாங்கிக் கொடுத்தேன். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்ட பிறகு, ஒரு லிட்டரை மிச்சப்படுத்த நினைத்ததற்காக இருவருமே வெட்கப்பட்டோம்.

மறுமுறை செய்வதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் அளவு: 1,000 கி.மீ. அளக்காமல் எதையும் மாற்ற மாட்டேன். அடுத்து அட்டை, பி.சி.வி. வால்வு. அதற்குப் பிறகுதான் ஆயில். நான் 5டபிள்யூ-30-க்கு மாறுவதற்காக 2,000 கி.மீ. மட்டுமே ஓடிய நல்ல 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டேன். ஒரு முழு மாற்றத்தின் செலவு அது. இரண்டையும் அடுத்தடுத்து மாற்றியதால், இப்போதைய 120 மில்லியில் 5டபிள்யூ-30-க்கு எவ்வளவு பங்கு, வால்வுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. அடுத்த மாற்றத்தில் 0டபிள்யூ-20-க்கே திரும்பி, அதே தரையில், அதே சக்கர அடையாளத்தில் அளக்கப் போகிறேன். குறைவு 200 மில்லிக்குள் நின்றால் அதோடு இருப்பேன்.

வடித்த பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேன்களிலேயே திரும்ப நிரப்பி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். மண்ணிலும் சாக்கடையிலும் ஒரு சொட்டும் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். பானெட்டின் உள்பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கிறது. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30, எஸ்.பி., முதலில் 3.2 லிட்டர், வாஷர் 14 மி.மீ., 39 நியூட்டன் மீட்டர், பழைய வளையத்தைப் பார். அதற்குக் கீழே தேதியும் ஓடிய தூரமும் ஊற்றிய மில்லியும் எழுத இடம் விட்டிருக்கிறேன். ஐந்து வரிகள் நிரம்பியிருக்கின்றன.